இரண்டாம் வஜ்ரமுகன்

காஜா பெராங், மலாக்கா
22 ஏப்ரல் 1957

அன்புள்ள ரத்தினத்துக்கு,

இங்கே நானும் சாரதாம்பாளும் சுகம். நீயும் உன் மனைவி சந்திரமதியும் மதறாஸில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருஷப் பிறப்பன்று இங்கே புது 'வஜ்ரமுகன்' வந்தது. முதல் ஆட்டத்துக்கே போனேன். எழுத்துப் போடும்போது, தையல்காரருக்கும் சவுரிமுடிக்காரருக்கும் பிறகு 'வசன உதவி: மலாக்கா ராஜரத்தினம்' என்று வந்தது. நம் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு நான் கைதட்டியது அந்த ஒரு முறைதான்.

பதினேழு வருஷத்துக்கு முன் வந்து, ஒரு குறையும் இல்லாமல் நம் நெஞ்சில் இருக்கிற படத்தை எதற்கு ரத்தினம் மறுபடியும் எடுத்தீர்கள்? நம் வஜ்ரமுகன் படம் முழுக்க இரும்பு முகமூடியைக் கழற்றவே இல்லை. பெற்ற தாய் கெஞ்சியபோதும் கழற்றவில்லை. அவன் முகம் எப்படி இருக்கும் என்று நாம் எத்தனை நாள் பேசியிருக்கிறோம். உங்கள் வஜ்ரமுகன் மூன்றாவது ரீலிலேயே கழற்றிவிட்டுக் குளக்கரையில் பாட்டுப் பாடுகிறான். பவுடர் பூசிய முகம். இரும்புக் கம்பியை வளைக்கிறவன் இடுப்பையும் வளைக்கிறான். பழைய படத்தில் பாட்டு இல்லையா என்று கேட்பாய். இருந்தது, இருபத்திரண்டு இருந்தது. அத்தனையும் மற்றவர்கள் பாடினார்கள். அவன் வாய் திறந்தால் நான்கு வார்த்தைதான்.

தேநீர்க் கடையில் தினமும் இதே சண்டை. தமிழ்ப் பள்ளிக்கு வந்திருக்கிற புது வாத்தியார் கருணாகரன் உன் கட்சி. "பழைய படத்துல அவரு பறக்கறப்ப முதுகுல கயிறு தெரியும்ணே. சின்ன வயசுலயே நான் பாத்திருக்கேன்" என்கிறான். "நாங்க கயித்தப் பாக்கப் போவல தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலாயுதம் இருந்திருந்தால் இந்தப் படத்தைப் பார்த்து அழுதிருப்பான். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற சிட்டி வீட்டுப் பிள்ளை, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. நீ இடது காதில், நான் வலது காதில், மாற்றி மாற்றி மலாயில் அர்த்தம் சொல்வோம். முன்வரிசைக்காரர்கள் திட்டுவார்கள். இருபத்து மூன்று தடவை பார்த்தான். கடைசியில் வசனம் முழுதும் அவனுக்கு மனப்பாடம், அர்த்தம் மட்டும் நாம் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை அவனைத் தின்றுவிட்டது. அவன் மனைவி மீனாச்சி இன்னும் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து கபாயாச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்கென்று மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான். அதிலும் கை வைத்துவிட்டீர்கள்.

சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை. அந்த மரியாதை உனக்கு உண்டு.

உன்,
சுப்பையன்

*

கோடம்பாக்கம், மதறாஸ்
4 மே 1957

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்த மறுநாளே பத்திரிகைத் துண்டும் வந்தது. சிங்கப்பூரிலிருந்து கலியாணசுந்தரம் அண்ணன் அனுப்பியிருந்தார். 'நம் மண்ணில் வளர்ந்த ஒருவரும் இந்தப் பாவத்துக்குத் துணை போயிருக்கிறார்' என்று எழுதியிருக்கிறாய். மலாக்காவில் வளர்ந்து மதறாஸில் படத்துக்கு எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்? அதே துண்டு முதலாளியின் மேசைக்கும் போயிருக்கிறது. "ஒங்க ஊருலயே ஒங்களுக்கு நல்ல பேரு போல" என்றார். அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

பழைய படத்தைப் போன வருஷம் ஸ்டூடியோவில் எங்களுக்காக ஒரு முறை போட்டார்கள். நீ அதைத் திரும்பப் பார்க்கவில்லை, அதனால் இப்படிப் பேசுகிறாய். முகமூடி இரும்பு இல்லை, அட்டை. மழைக் காட்சியில் ஓரம் ஊறித் தொங்குகிறது. பகைவன் படை என்று பன்னிரண்டு பேர் ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். அவன் நான்கு வார்த்தை பேசியதற்குக் காரணம் கம்பீரம் இல்லையப்பா, அந்த நடிகருக்குத் தமிழ் சரியாக வராது. நமக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அதுதான் அந்தப் படத்தின் அழகு.

எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டாய். முதலாளிக்கு அவர் காரணம். எனக்கு வேறு. பழைய வஜ்ரமுகனுக்குப் பயம் கிடையாது, நண்பன் கிடையாது. பயமே இல்லாதவனை எத்தனை நேரம்தான் பார்ப்பது? பயப்படுகிறவன் ஒருவன் வேண்டும் என்று சண்டை போட்டு மாறன் பாத்திரத்தைச் சேர்த்தேன். அவன் பேசுகிற ஒவ்வொரு வரியும் என்னுடையது. என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தை எடுத்தது மாறனுக்காகத்தான்.

நீ பாட்டைத் திட்டியிருக்கிறாய், பவுடரைத் திட்டியிருக்கிறாய். மாறனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊரே அவனுக்காக அழுகிறது என்கிறார்கள். அவன் எப்படி என்று நீ சொல். உன் வாயால் கேட்க வேண்டும்.

வேலாயுதத்தை இந்தச் சண்டையில் இழுக்காதே.

உன்,
ராஜரத்தினம்

*

காஜா பெராங்
19 மே 1957

ராஜரத்தினம்,

மாறனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

மாறன் வஜ்ரமுகனின் பால்ய நண்பன். பகைவனின் கோட்டையில் எழுத்தனாக வேலை பார்க்கிறான். வஜ்ரமுகனை விழாவுக்கு அழைத்துப் பிடிக்கப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. கோட்டை வாசலில் சங்கிலி போடும்போது, இவனைத் தெரியுமா என்று தளபதி கேட்கிறான். தெரியாது என்கிறான்.

அவன் எழுத்தனாகத்தான் இருக்கவேண்டுமா? சமையல்காரனாகவோ குதிரைக்காரனாகவோ இருந்தால் படம் ஓடாதா? இத்தனை வருஷம் என்னோடு சிரித்துப் பேசி, மதறாஸுக்குக் கப்பல் ஏறும் அன்று என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, இதையெல்லாம் மனதுக்குள் வைத்திருந்தாயா? கேட்டிருக்கலாமே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "சுப்பையா, உனக்குத் தெரியுமா தெரியாதா" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு எட்டணா டிக்கெட் வாங்குகிறவனுக்கெல்லாம் என்னைக் காட்டிக்கொடுத்தாய்.

யார் உனக்குச் சொன்னது? அந்த அலுவலகத்தில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். ஊரில் சோறு இருந்தது அங்கே மட்டும்தான். 'இலவசப் படக்காட்சி, வஜ்ரமுகன், பகல் ஆட்டம், அனைவரும் வருக' என்று அந்த நோட்டீசைத் தமிழில் எழுதியது இந்தக் கைதான். அதே காகிதக் கட்டில் ஆறு லாரிக்கு உத்தரவும் இருந்தது. கொட்டகையின் பெயரும் நேரமும் போட்டிருந்தது. படம் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை என்று புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. சொன்னால் என் தலை பாலத்துமேல் கம்பத்தில் இருந்திருக்கும். நீயும் பார்த்திருக்கிறாய், அங்கே தலைகள் இருந்ததை.

இன்னொன்றும் கேட்டுக்கொள். போன வாரம் மீனாச்சி உன் படத்துக்குப் போனாள். திரும்பும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று, "அந்த எழுதறவனுக்குத் தெரியுந்தானே, ஏன் சொல்லல?" என்று கேட்டாள். மலாயில்தான் கேட்டாள். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், கதை புரியவில்லை என்று கேட்டாள்.

உனக்குத் திருப்திதானே?

சுப்பையன்

*

கோடம்பாக்கம்
1 ஜூன் 1957

சுப்பையா,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிறகு சந்திரமதியிடம் கொடுத்து, நான் வாசிப்பது சரிதானா பார் என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீ அந்த அலுவலகத்தில் இருந்தாய் என்று தெரியும். அரிசிக் கணக்கு எழுதுகிறேன் என்று நீதான் சொன்னாய். நான் நம்பினேன்.

மாறனை நான் எழுத்தனாக எழுதவில்லை. வாயில்காப்பவனாக எழுதினேன். ஓலையில் எழுதுகிற காட்சி அழகாக வரும் என்று முதலாளிதான் எழுத்தனாக மாற்றச் சொன்னார். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் அவர் சேர்த்ததுதான். வாசல் காட்சி என்னுடையது.

ஏனென்றால் மாறன் நான்தான்.

அன்று வேலாயுதத்தைக் கூட்டிக்கொண்டு போனது நான். அவன் வரமாட்டேன் என்றான். மீனாச்சிக்குக் காய்ச்சல். "ஓசியில காட்றான், மறுபடி எப்ப வரும்னு தெரியாது, வாடா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். சுப்பையன் எங்கே என்று கேட்டான். வயிற்றுவலி என்றேன். நீ சொல்லி அனுப்பியது அதுதானே.

கதவருகே சிப்பாய்கள் நின்றார்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்கு எனக்குக் கைப்பட்டை கொடுத்திருந்தார்கள் இல்லையா, ஜப்பான் எழுத்துப் போட்டது. அதைக் காட்டியதும் என்னை ஒதுக்கி நிறுத்தினான். வேலாயுதம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். சிப்பாய் அவனைக் காட்டி மலாயில் கேட்டான், உன் ஆளா என்று. ஆமாம், குழாய் வேலைக்காரன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பானோ, இருவரையும் ஏற்றியிருப்பானோ, எனக்குத் தெரியாது. நான் "தாக் கெனால்" என்றேன். இவனைத் தெரியாது என்றேன்.

வேலாயுதத்துக்குத் தமிழ்தான் தெரியாது. மலாய் நன்றாகத் தெரியும்.

என் சட்டையை விட்டுவிட்டான்.

இதைப் பதினான்கு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒருவன்தான் அவனை அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எனக்குத் துணை கிடைத்திருக்கிறது. அது ஒரு ஆறுதலாகவும் இல்லை.

மீனாச்சியிடம் சொல். நான் செய்ததையும் நீ செய்ததையும் சேர்த்துச் சொல். அவள் கேட்டுவிட்டாளே.

ராஜரத்தினம்

*

காஜா பெராங்
15 ஜூன் 1957

ராஜரத்தினம்,

சொல்ல மாட்டேன்.

உனக்கென்ன, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். நான் தினமும் வேலைக்குப் போகவும் வரவும் அவள் வாசலைத் தாண்டவேண்டும். அவளுக்கு வருகிற கடிதம், நகராண்மைக் கழக நோட்டீஸ் எல்லாம் என்னிடம்தான் கொண்டு வருவாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இந்தத் தெருவில் நான்தான் கண். பதினான்கு வருஷமாக அதைச் செய்கிறேன். எதற்காகச் செய்கிறேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

நீயும் ஒன்றும் யோக்கியன் இல்லை. செய்ததைச் சொல்லவேண்டியவளிடம் சொல்லாமல் அதற்குச் சட்டை தைத்து, கிரீடம் வைத்து, பாட்டுப் போட்டு, ஊர் ஊராகக் காட்டிக் கைதட்டல் வாங்கினாய். நான் செய்ததைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டில் எது கேவலம் என்று நீயே யோசித்துக்கொள்.

இவ்வளவு தெரிந்துகொண்டாய், மிச்சத்தையும் தெரிந்துகொள். அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு, தமிழ்ப் பையன்கள் கூட்டமாக வரவேண்டும் என்றால் எந்தப் படம் போடலாம் என்று கேட்டான். கொட்டகையில் போருக்கு முன் வந்த பிரதிகள் நான்கு கிடந்தன. மூன்று பக்திப் படம். நான் யோசிக்கவே இல்லை. 'வஜ்ரமுகன்' என்றேன். கேட்ட உடனே பெருமையாகச் சொன்னேன், ரத்தினம். நம் படத்தைப் பற்றி ஒருவன் கேட்கிறானே என்கிற பெருமை. லாரி உத்தரவு மறுநாள்தான் மேசைக்கு வந்தது.

வந்த பிறகு என் மைத்துனனை மட்டும் கூப்பிட்டு, அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வராதே என்றேன். அவன் இப்போது புக்கிட் ரம்பாயில் நான்கு பிள்ளைகளோடு இருக்கிறான். வேலாயுதம் இருபத்து மூன்று தடவை பார்த்தவன், மறுபடியும் வரமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே வந்தாலும் சாரோங் கட்டி மலாய் பேசுகிறவனைத் தமிழன் என்று எவன் பிடிக்கப் போகிறான் என்றும் சொல்லிக்கொண்டேன். மைத்துனனிடம் சொல்ல முடிந்தது, அவனிடம் சொல்ல முடியவில்லை. அவன் வீடு என் வீட்டிலிருந்து எட்டாவது வீடு.

இனி இதைப் பற்றி எழுதாதே.

சுப்பையன்

*

கோடம்பாக்கம்
30 ஜூன் 1957

சுப்பையா,

மீனாச்சிக்கு இன்று நானே கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டேன். மலாயில், ஆங்கில எழுத்தான ரூமியில். நான் செய்ததை முதலில் எழுதினேன். நீ செய்ததை, உன் கடிதத்தில் இருக்கிறபடி, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் அடுத்து எழுதினேன்.

யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

ராஜரத்தினம்

*

காஜா பெராங்
5 செப்டம்பர் 1957

ரத்தினம்,

இரண்டு மாதமாக எழுதவில்லை. இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன், மீனாச்சி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்கு உன்னிடம்தான் பதில் இருக்கிறது.

உன் கடிதம் ஜூலை எட்டாம் தேதி வந்தது. திங்கட்கிழமை. நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள். "இந்தியா ஸ்டாம்ப்பு. ரத்தினமா?" என்றாள். சாரதாம்பாள் அவளுக்குக் காப்பி போட உள்ளே போனாள். நான் நின்றபடியே பிரித்தேன்.

நீ நன்றாகத்தான் எழுதியிருந்தாய். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மலாய். உன் பங்கை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். கையைப் பிடித்து இழுத்தது, கைப்பட்டை, தாக் கெனால், சட்டையை விட்டது, எல்லாம். அவள் கபாயாவின் ஊசியைத் திருகிக்கொண்டே கேட்டாள். பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது பக்கத்தின் முதல் வரியில் என் பெயர் இருந்தது.

'இப்படிக்கு ராஜரத்தினம்' என்று வாசித்துக் கடிதத்தை மடித்தேன்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த உலகத்தில் இதை நான் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான்.

அவள் ஊசியைத் திரும்பச் செருகிக்கொண்டாள். பிறகு, "ரத்தினம் இனி இந்த ஊருக்கு வரவேண்டாம்னு எழுதிடுங்க" என்றாள். சரி என்றேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, "தியா தெங்கோ ஹாபிஸ் கா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் படத்தை முழுதாகப் பார்த்தாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை என்றேன். "தெரியும். உங்களுக்கு வயித்துவலி" என்றாள். கடிதத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மெர்டேக்கா, சுதந்திர நாள் என்று ஊரெல்லாம் கொடி. கொட்டகைக்காரர்கள் உன் படத்தை அன்று இலவசமாகக் காட்டினார்கள். தூணில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தேன், 'இலவசம், அனைவரும் வருக' என்று அதே வார்த்தைகள். கருணாகரன் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். "எதுக்குண்ணே? இன்னும் பழைய படத்தவே பிடிச்சிக்கிட்டு இருக்கீங்களா?" என்று சிரித்தான். கையை விட்டுவிட்டேன். சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்.

அன்றைக்கு மீனாச்சி எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு நாசி லெமாக் அனுப்பியிருந்தாள். மீன் பொரித்து, சம்பால் வைத்து. "அந்த ரத்தினம் மாதிரி இல்ல நீங்க" என்று சொல்லச் சொன்னாளாம். நான் அதைச் சாப்பிட்டேன்.

அவள் கேட்டதற்குப் பதில் எழுது.

சுப்பையன்

*

கோடம்பாக்கம்
17 செப்டம்பர் 1957

சுப்பையா,

இத்துடன் மீனாச்சிக்கு ஒரு தாள், மலாயில். ஒரே பக்கம். அதில் இருப்பது இதுதான்.

முழுதாகப் பார்த்தான். அவர்கள் அவசரப்படவில்லை. இருட்டில் ஆட்களைப் பிடிப்பது சிரமம் என்று கடைசி ரீல் வரைக்கும் ஓடவிட்டார்கள். சுப்பையன் அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்து வராமல் இருந்துவிட்டதால் அவனுடைய வலது பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதனால் வலது காதுக்கும் நானே சொன்னேன். சுப்பையன் பெயர் சொல்லிப் போடவைத்த படம் என்பது எங்களுக்குத் தெரியாது. வேலாயுதம் சந்தோஷமாகத்தான் பார்த்தான். கடைசிக் காட்சியில் வஜ்ரமுகனோடு சேர்ந்து அவனும் அந்த நான்கு வார்த்தையைத் தமிழில் சத்தமாகச் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். விளக்குப் போட்டதும் எழுந்து நின்று கைதட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கதவைத் திறந்தார்கள்.

அவ்வளவுதான். ஒன்றை விட்டு ஒன்றை வாசிக்க முடியாதபடி எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். இதையும் நீ தாண்டி வாசித்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. மறுபடி எழுதி அனுப்பவும் மாட்டேன்.

ஊருக்கு வரவேண்டாம் என்று சொன்னாள் அல்லவா, வரமாட்டேன் என்று சொல்.

ஏப்ரலில் ஒரு கேள்வி கேட்டாய். எதற்கு மறுபடியும் எடுத்தீர்கள் என்று. அப்போது உனக்கு நான் சொன்ன பதில் பொய். படத்தின் முடிவில் மாறன் திரும்பி வருகிறான். கோட்டைக் கதவைத் திறக்கிறான், ஈட்டியைத் தன் மார்பில் வாங்கிக்கொள்கிறான், வஜ்ரமுகன் அவனை மடியில் போட்டுக்கொண்டு, நீ என் நண்பன் என்கிறான். அந்தக் காட்சியை முதலாளி வேண்டாம் என்றார். நான் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி எழுதினேன். ஊரெல்லாம் அழுகிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கிய முகம் தெரியாத ஆட்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

லாரிகள் உடனே கிளம்பவில்லை. அரை மணி நேரத்துக்குமேல் நின்றன. நான் எதிரே மூடிக் கிடந்த கடைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மூன்றாவது லாரியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பின் சாலையில் திரும்பும்வரை நின்றேன். கடக்கவேண்டியது ஒரு தெரு. கடக்கவில்லை.

நீ சொன்னது சரி. அந்தப் படத்தை எடுத்திருக்கக் கூடாது.

ராஜரத்தினம்

*

காஜா பெராங்
2 அக்டோபர் 1957

ரத்தினம்,

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நானே போனேன். உட்காரச் சொன்னாள். நின்றபடியே வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. அதன் பிறகு, பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த உன் முந்தைய கடிதத்தின் இரண்டாவது பக்கத்தையும் வாசித்தேன். என் மைத்துனன் வரைக்கும்.

அவர் கைதட்டினார் என்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க வராதது தப்பில்ல. வந்திருந்தா உங்களையும்தான் ஏத்தியிருப்பாங்க" என்றாள். பிறகு, "எட்டு வீடு" என்றாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

கையை நீட்டினாள். இரண்டு கடிதத்தையும் கொடுத்தேன். தையல் பெட்டியில் வைத்து மூடினாள்.

இன்று காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்தேன். கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் கருணாகரனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கைதட்டிய இடத்தை மறுபடியும் கேட்கவேண்டும் போலிருக்கிறது. அதை வாசிக்க அவளுக்கு ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் தனியாகப் போக முடியாதபடி நீ எழுதியிருக்கிறாய்.

அவன் முதல் வரியை வாசிக்கத் தொடங்கினான். நான் நிற்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவர்கள் பக்கமாகத்தான் நடந்து போனேன்.

சுப்பையன்